பாலை, புளி பிளக்க ஹைட்ரோலிக் மெஷின் வீட்டில செய்யிறன்: எத்தினை தொன் காணும்? (திருகோணமலை)

#1 போறணைவாசல், அலஸ்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்டோட ஒரு பாண் போறணை இருக்கு. விறகுப் போறணை. அதுக்கு விறகு கொத்துறது நான் சின்னப் பிள்ளையா இருந்த காலத்தில இருந்து ஒரே ஐயாதான். கோடாலி, இரும்பு ஆப்பு, சம்மட்டி, அவ்வளவும்தான் அவரிட்ட. இப்ப வலது தோளைத் தலைக்கு மேல தூக்க ஏலாமல் போச்சு. "வேற ஆளைப் பாருங்கோ தம்பி" எண்டு அவரே சொல்லுறார். எனக்கு அதில விருப்பமில்லை. எந்த விறகு கெதியாச் சூடு ஏத்தும், எது தணல் நிக்கும், எது புகைச்சுப் பாணைக் கெடுக்கும் எண்டு அவருக்குத் தெரிஞ்ச அளவு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அவர் நிண்ட நிலையில லீவரைத் தள்ளி விறகு பிளக்கிற மாதிரி ஒரு மெஷின் செய்து குடுக்கோணும்.

விவரம் இதுதான். பாலையும் வீரையும் கிண்ணியா விறகுகாலையில இருந்து வரும். ஊருக்குள்ள தறிக்கிற வேம்பு, புளி, மாவும் வரும். குத்தி 2 அடி நீளம், தடிச்ச குத்தியெண்டால் ஒண்டேகால் அடி விட்டம் வரும். மா பிசையிற மெஷினுக்காக மூண்டு பேஸ் கறண்ட் இருக்கு. கையில 6க்கு 3 அங்குல ஐ பீம் ஒரு துண்டு கிடக்கு. பழைய இரும்புக் கடையில டிப்பர் ஜாக்கி ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன். 3 குதிரைவலு தண்ணி மோட்டரும் இருக்கு. 20 தொன் அமத்தம் வந்தால் நல்லது எண்டு நினைக்கிறன்.

செய்த அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ. எதை வாங்கலாம், எதை விடலாம்?

#2 வயல்காரன், தம்பலகாமம்

தம்பி, ஏன் மோட்டர், பம்பு எண்டு அலையிறியள்? மசி 240 டிரெக்டர் ஒண்டு ஆரிட்டயும் இருக்கும்தானே. பின்னால ஹைட்ரோலிக் எடுப்பு இருக்கு. ஒரு வால்வும் ஒரு சிலிண்டரும் போட்டால் முடிஞ்சுது. வயலுக்க கிடக்கிற மரத்தை அங்கேயே பிளந்து ஏத்தலாம்.

#3 சீனக்குடா

தம்பிக்கும் வயல்காரன் அண்ணைக்கும் சேர்த்தே எழுதுறன். கிறேன், லோடர் எண்டு ஹைட்ரோலிக்கோடயே என்ர வேலைக்காலம் போனது, அதால கொஞ்சம் நீளும், பொறுத்துக் கொள்ளுங்கோ.

முதல் டிப்பர் ஜாக்கி. அதைத் தொடாதேங்கோ. அது ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் வாங்குற சாதி. பெட்டியின்ர பாரம் அமத்தினால்தான் திரும்பி இறங்கும். படுக்க வைச்சால் போனது போனதுதான், இழுக்க ஆளில்லை. அதோட அது அடுக்கடுக்கா வெளிய வாறது. ஒவ்வொரு அடுக்குக்கும் பரப்புக் குறையும், பரப்புக் குறையத் தள்ளுற பலமும் குறையும். உங்களுக்கு வேண்டியது ரெண்டு பக்கமும் எண்ணெய் போற சிலிண்டர். பழைய பெக்கோ லோடர் உடைக்கிற இடத்தில பக்கெட் சிலிண்டர் கேளுங்கோ.

அடுத்தது தொன் கணக்கு. எல்லாரும் தொன்னைத்தான் முதல் கேக்கிறது. அதைவிட மூண்டு விசயத்தை ஒண்டா வைச்சுப் பார்க்கோணும்: அமத்தம், சிலிண்டரின்ர உள்விட்டம், பம்பு நிமிசத்துக்குத் தாற எண்ணெய். அமத்தமும் விட்டமும் பலத்தைத் தரும். எண்ணெயின்ர அளவு வேகத்தைத் தரும். அமத்தத்தையும் எண்ணெயின்ர அளவையும் பெருக்கினால் மோட்டர் எவ்வளவு வேணுமெண்டு வரும். ஒண்டைக் கூட்டினால் மற்றதைக் குறைக்கோணும், இல்லாட்டி மோட்டரைக் கூட்டோணும்.

100 மில்லிமீற்றர் சிலிண்டர் எண்டு எடுப்பம். பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். 170 பார் அமத்தம் குடுத்தால் 13.6 தொன் தள்ளும். 80 மில்லிமீற்றர் எண்டால் பரப்பு 50.3, அதே அமத்தத்தில 8.7 தொன்.

பம்பு ஒரு சுத்துக்கு 8 சிசி, மோட்டர் 1440 சுத்து எண்டு வைச்சால் நிமிசத்துக்கு 11.5 லீற்றர். 100 மில்லிமீற்றர் சிலிண்டர் 60 சென்ரிமீற்றர் போக 24 செக்கன் எடுக்கும். 50 மில்லிமீற்றர் தண்டு எண்டால் திரும்ப 18 செக்கன். 80 மில்லிமீற்றர் எண்டால் போக 16 செக்கன்.

மோட்டர்: பாரை லீற்றரால பெருக்கி 600 ஆல பிரிச்சால் கிலோவாட். 170ஐ 11.5 ஆல பெருக்கி 600 ஆல பிரிக்க 3.26. பம்பு 85 வீதம் ஒழுங்கா வேலை செய்யுமெண்டு பிடிச்சால் 3.8. ஆகவே 4 கிலோவாட், 5.5 குதிரைவலு மூண்டு பேஸ் மோட்டர் சரியாப் பொருந்தும். உங்கட 3 குதிரைவலுத் தண்ணி மோட்டர் தண்ணிக்கே இருக்கட்டும்.

24 செக்கன் எண்டவுடன பயப்பிடாதேங்கோ. காஞ்ச பாலை ஆப்பு 10, 15 சென்ரிமீற்றர் இறங்கின உடன டக்கெண்டு விரியும். முழுத்தூரம் போறது கணு உள்ள புளிக்கும் வேம்புக்கும்தான். திரும்பேக்கயும் குத்தியின்ர நீளத்துக்கு மேல ரெண்டு விரல் இடம் வந்தால் நிப்பாட்டலாம்.

வயல்காரன் அண்ணை, டிரெக்டரால செய்யலாம், பிழையில்லை. ஆனா மசியின்ர ஹைட்ரோலிக் பம்பு பின்னச்சுக்குள்ள கியர் எண்ணெயிலயே நிக்குது. விறகு மெஷினில ஏறுற மண், மரத்தூள், துருவெல்லாம் கடைசியா உங்கட கியர்பொக்ஸுக்குத்தான் போகும். 5.5 குதிரைவலு வேலைக்கு 40க்கு மேல உள்ள எஞ்சினை நாள் முழுக்க ஓட்டுறதும் எண்ணெய்ச் செலவு. வயலில கிடக்கிற மரத்தை இடைக்கிடை பிளக்க நல்லது. ஒவ்வொரு நாளும் நெருப்பு எரியிற போறணைக்குக் கட்டாது.

#4 கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. விறகுகாலை வைச்சிருக்கிற ஆள் எண்ட முறையில மரத்தைப் பத்தி மட்டும் சொல்றன், மெஷின் எனக்குத் தெரியாது.

வைரம் ஏறின பாலை தண்ணியில போட்டா தாழும். அது கோடாலிக்குத்தான் கஷ்டம். ஆனா நார் நேரா ஓடுற துண்டு ஆப்பு வைச்சா நல்லா வெடிக்கும். வீரையும் அப்பிடித்தான். உங்களுக்கு வேலை வைக்கிறது புளி. அதின்ர நார் ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னி இரிக்கி. பிளக்கிறது கிடையாது, கிழிக்கிறதுதான். வேம்பும் கிளை பிரியிற இடத்தில அதே குணம்.

பச்சையாப் பிளந்து அடுக்குங்க. முழுக்குத்தியாக் காய வைச்சா ரெண்டு நட்டம்: பிளக்க ரெண்டு மடங்கு பாடு, காயவும் ரெண்டு மடங்கு நாள். பிளந்து காத்து ஓடுற மாதிரி அடுக்கினா மாரிக்கு முந்தி பாலை காஞ்சிரும்.

இன்னொரு விசயம். ஊருக்குள்ள மரம் தறிச்சு எடுக்கக்க கிராம சேவையாளரிட்டயும் பிரதேச செயலகத்திலயும் கேட்டுட்டு எடுங்க. பாலை, முதிரை ஏத்தினா வழியில கடுதாசி கேப்பாங்க. சொந்த வளவு மரம் எண்டு வாயால சொன்னா ஆரும் எடுக்க மாட்டாங்க.

#5 போறணைவாசல்

சீனக்குடா அண்ணை, இப்பிடி ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை. நன்றி. டிப்பர் ஜாக்கியை விட்டாச்சு. 100 மில்லிமீற்றர் உள்விட்டம், 50 மில்லிமீற்றர் தண்டு, 60 சென்ரிமீற்றர் தூரம் உள்ள பழைய சிலிண்டர் ஒண்டு இருக்கெண்டு கந்தளாய்ப் பக்கம் ஒருத்தர் சொல்லுறார். பழசை எப்பிடிச் சோதிக்கிறது?

நானா, வஅலைக்கும் ஸலாம். புளி ஒரு லோட் வளவுக்க கிடக்கு. ஐயா அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுறார்.

#6 சீனக்குடா

தண்டைத்தான் முதல் பாக்கோணும். குரோம் பளபளப்பா இருக்கோணும். நகத்தை வைச்சு இழுங்கோ. குழி, கீறல் நகத்தில தட்டுப்பட்டால் விடுங்கோ, எத்தினை தரம் சீல் மாத்தினாலும் அந்தக் குழி சீலைத் தின்னும்.

உள்சீல் சோதனை இப்பிடி. சிலிண்டரை முழுக்க வெளிய தள்ளுங்கோ. அமத்தத்தை முழுக்க விட்டுப்போட்டு, தண்டுப்பக்கத்து ஹோஸைக் கழட்டி அந்த வாயை ஒரு வாளிக்குள்ள திருப்புங்கோ. ஆக்கள் பக்கவாட்டில நிக்கோணும், வாய்க்கு நேர நிக்கக் கூடாது. இப்ப மற்றப் பக்கத்துக்கு அமத்தம் குடுங்கோ. தண்டுப்பக்கத்து வாயால எண்ணெய் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போட்டுது. சீல் செட் மாத்தலாம், பெரிய விசயமில்லை. உள்சுவர் கீறியிருந்தால்தான் விசயம்.

#7 பாலையூற்றுப் பட்டறை

நான் வெல்டிங் பட்டறை வைச்சிருக்கிறன். எல்லாரும் சிலிண்டரையும் பம்பையும் பேசுறியள், பீமை ஒருத்தரும் பேசேல்லை. தம்பி, உங்கட 6க்கு 3 ஐ பீம் இதுக்குச் சரிவராது. கணக்கோட சொல்லுறன்.

சிலிண்டர் தள்ளுற கோடு பீமுக்கு மேலதான் ஓடுது. மேல் பலகையில இருந்து 12.5 சென்ரிமீற்றர் உயரத்தில சிலிண்டரின்ர நடு எண்டு வையுங்கோ. பீமின்ர அரை உயரம் 7.5. மொத்தம் 20 சென்ரிமீற்றர் விலகல். 13.6 தொன்னை 20 சென்ரிமீற்றரால பெருக்க 2.7 தொன் மீற்றர் வளைவு விசை. ஒரு பக்கம் சிலிண்டர் பின்னுக்குத் தள்ளுது, மற்றப் பக்கம் ஆப்பு முன்னுக்குத் தள்ளுப்படுது. பீமின்ர மேல் பலகைதான் ரெண்டு இழுவையையும் சேர்த்துத் தாங்குறது.

150க்கு 75 ஐ பீமின்ர வளைவு மாடுலஸ் (வளையாமல் தாங்குற திறனின்ர அளவு) அதிகம் போனால் 110 கன சென்ரிமீற்றர். வளைவும் நேர் இழுவையும் கூட்டினால் சதுர சென்ரிமீற்றருக்கு 3,100 கிலோவுக்குக் கிட்டப் போகுது. சாதாரண மைல்ட் ஸ்டீல் 2,500 இலயே நெளிய வெளிக்கிடும். முதல் கணுவிலயே வாழைக்காய் மாதிரி வளைஞ்சு போகும்.

150க்கு 150 எச் பீம் எடுங்கோ. மாடுலஸ் 219, வெட்டுப்பரப்பு 40 சதுர சென்ரிமீற்றர். அதே பாரத்துக்கு 1,600க்குள்ள நிக்கும். மீற்றருக்கு 31 கிலோ வரும், பாரம்தான். ஆனா இது தூக்கிக்கொண்டு திரியிற சாமானில்லையே. சிலிண்டரை எவ்வளவு பதிச்சுப் பூட்டுறியளோ அவ்வளவு பீமுக்குச் சுகம். 12.5ஐ 10 ஆக்கினாலே வித்தியாசம் தெரியும்.

ஆப்பைப் பற்றியும் சொல்லோணும். கனபேர் லொறி ஸ்பிரிங் பட்டையில ஆப்பு செய்யிறவை, "நல்ல இரும்பு" எண்டு. நல்ல இரும்புதான், வெல்டுக்கு நல்லதில்லை. காபன் கூடின இரும்பு. சூடாக்காமல் ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்தில முறுகி, பாரம் வரேக்க வெடிக்கும். 25 மில்லிமீற்றர் மைல்ட் ஸ்டீல் தகடு எடுத்துச் சீவுங்கோ. நுனி 20 பாகையில தொடங்கி, பின்னால தோள் மாதிரி அகலட்டும். நுனி கத்திக் கூர் வேண்டாம். ஒருக்கா வெடிப்பு விழுந்தால் அது ஆப்புக்கு முன்னாலயே ஓடும், பிறகு வேலை செய்யிறது தோள்தான். ஆப்புக்குப் பின்னால ரெண்டு முட்டுத் தகடு கட்டாயம். 7018 வெல்டிங் குச்சியைக் காய வைச்சுப் பாவியுங்கோ, ஈரக்குச்சியால தடிச்ச தகட்டைத் தொடக் கூடாது.

நாலாப் பிளக்கிற சிலுவை ஆப்பு வேண்டாம். மெல்லிய நேர்நார் மரத்துக்கு அது சரி. உங்கட பாலைக்கும் புளிக்கும் மெஷின் அப்பிடியே நிண்டு முழிக்கும்.

#8 போறணைவாசல்

பட்டறை அண்ணை, ஆப்பு சிலிண்டர் தண்டில இருக்கிறது நல்லதோ, பீம் முனையில நிரந்தரமா ஒட்டுறது நல்லதோ?

#9 பாலையூற்றுப் பட்டறை

உங்களுக்குப் பீம் முனையில. தண்டில ஒரு தள்ளுதகடு மட்டும். பிளந்த விறகு ஆப்பைத் தாண்டி அந்தப் பக்கம் தானாப் போய் விழும், ஐயா குனிஞ்சு பொறுக்கத் தேவையில்லை. ஆப்புக்கு அங்கால இடுப்பு உயரத்தில ஒரு மேசை வையுங்கோ, பெரிய துண்டு காலில விழாமல் அதில நிக்கும், திருப்பி எடுத்து ரெண்டாந்தரம் பிளக்கலாம். தள்ளுதகட்டுக்குக் கீழ பீமின்ர பலகையைக் கவ்விற மாதிரி ரெண்டு பக்கமும் வழிகாட்டிப் பட்டை போட்டுக் கிரீஸ் பூசுங்கோ. சிலிண்டரின்ர அடியை ஒட்டிப்போடாதேங்கோ, 30 மில்லிமீற்றர் இரும்புப் பின் ஒண்டில பூட்டுங்கோ. குத்தி கோணலா நிண்டால் சிலிண்டர் கொஞ்சம் அசைய இடம் வேணும். இல்லாட்டிப் பக்கப்பாரம் முழுக்கத் தண்டுக்கும் சீலுக்கும்.

#10 ஈச்சிலம்பற்று

நான் வீடியோவில பார்த்தன், கூம்பு மாதிரித் திருகு ஒண்டு. மோட்டரில பூட்டி மரத்தைக் கிட்டக் கொண்டு போனாலே திருகி ஏறிப் பிளக்குது. எண்ணெயும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். அதைச் செய்தால் என்ன?

#11 சீனக்குடா

வேண்டாம் தம்பி. கெஞ்சிக் கேக்கிறன். திருகு சுத்திக்கொண்டே இருக்கும், மரத்தை நாங்கள் கையில பிடிச்சுக்கொண்டே கிட்டப் போகோணும். சாரம் கட்டின மனுசர் வேலை செய்யிற இடம் எங்கட ஊர். சாரத்தின்ர ஒரு முனை, கைச்சட்டையின்ர ஒரு நூல் அதில மாட்டினால் சுவிச்சுக்குக் கை போறதுக்கு முந்தி ஆளை இழுத்துப் போடும். குத்தி மாட்டிச் சுத்தினால் பக்கத்தில நிக்கிறவருக்கு அடி. ஹைட்ரோலிக் மெதுவா வாறது ஒரு குறையில்லை. லீவரை விட்ட உடன நிக்கும். அந்த ஒரு குணத்துக்காகவே அதைச் செய்யுங்கோ.

அந்தக் குணம் தானா வராது, வால்வில இருக்கோணும். முன்னால தள்ளுற பக்கம் லீவர் கையை எடுத்த உடன ஸ்பிரிங்கில நடுவுக்கு வரோணும். கொழுவி நிக்கிற வசதி திரும்புற பக்கத்துக்கு மட்டும். பழைய லோடர் வால்வு போடுறவை இதைப் பார்க்காமல் போட்டால் முன்பக்கமும் கொழுவி நிக்கும். வால்வு திறந்த நடு உள்ளதா இருக்கோணும், லீவர் நடுவில நிக்கேக்க எண்ணெய் சும்மா தாங்கிக்குத் திரும்பிப் போகும், மோட்டரும் பாரமில்லாமல் ஸ்டார்ட் ஆகும்.

ஒரே ஒரு ஆள்தான் வேலை செய்யோணும். விரல் போறது எப்பவும் ரெண்டு பேர் நிக்கேக்கதான், ஒருத்தர் குத்தியைப் பிடிக்க மற்றவர் லீவரைத் தள்ள. குத்தி வைக்கிறவரேதான் லீவரும் தள்ளோணும். ஏலுமெண்டால் ரெண்டு கைக்கும் ரெண்டு லீவர் வையுங்கோ, ரெண்டும் அமர்ந்தால்தான் போற மாதிரி. அப்ப கை ரெண்டும் எங்க இருக்கெண்டு சந்தேகமே இல்லை.

#12 தாதி, உவர்மலை

நான் மெஷின் பற்றி எழுத வரேல்லை. ஒரே ஒரு விசயம், தயவு செய்து எல்லாரும் வாசியுங்கோ.

ஹைட்ரோலிக் ஹோஸில ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை விழுந்தால் அதால வாற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போகும். அதுக்கு 170 பார் தேவையில்லை, 7 பாரே காணும். பாக்க எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சின்னப் புள்ளி. முதல்ல நோவும் பெரிசா இராது. "ஒண்டுமில்லை" எண்டு துடைச்சுப்போட்டு வேலையைத் தொடருவினம். சில மணித்தியாலத்தில கை வீங்கும், உள்ள தசை அழுகத் தொடங்கும். சுணங்கினால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும்.

அப்பிடி நடந்தால் அமத்திப் பிழியாமல், பத்துப் போடாமல் உடன ஆஸ்பத்திரிக்குப் போகோணும். "எண்ணெய் பட்டது" எண்டு சொல்லாதேங்கோ. "அமத்தத்தில வந்த எண்ணெய் தோலுக்குள்ள போட்டுது" எண்டு தெளிவாச் சொல்லுங்கோ, எண்ணெய்க் கலனையும் கொண்டு வாங்கோ. அது சத்திரசிகிச்சை செய்ய வேண்டிய காயம். கசிவு தேடக் கையால தடவாதேங்கோ. மெஷினை நிப்பாட்டுங்கோ, அமத்தத்தை விடுங்கோ, பிறகு பாருங்கோ. ஓடேக்கதான் பார்க்கோணும் எண்டால் நீளத் தடியில ஒரு காட்போட் மட்டையைக் கட்டி அதைக் காட்டிப் பார்க்கோணும்.

ஐயாவுக்கும் இதைச் சொல்லிக் குடுங்கோ. கண்ணாடியும் சப்பாத்தும் வாங்கிக் குடுங்கோ.

#13 போறணைவாசல்

அக்கா, இதை அச்செடுத்து மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில ஒட்டப்போறன். ஐயாவுக்கு வாசிச்சும் காட்டினன்.

#14 கறண்ட் வேலை, மட்கோ

மின்சாரப் பக்கம் நான் சொல்லுறன். 4 கிலோவாட் மூண்டு பேஸ் மோட்டர் பேஸுக்கு எட்டரை அம்பியர் அளவில இழுக்கும், 30 அம்பியர் இணைப்பில மா மெஷினோட சேர்ந்து சுகமா ஓடும். சும்மா சுவிச்சால போடாமல் கொன்ராக்டரும் ஓவர்லோடும் உள்ள ஸ்டார்ட்டர் போடுங்கோ. கறண்ட் போய்த் திரும்பி வரேக்க மெஷின் தானா ஓட வெளிக்கிடக் கூடாது. சிவப்புக் காளான் சுவிச் ஒண்டு ஐயாவின்ர முழங்கை எட்டுற இடத்தில. ஏர்த் ஒழுங்கா.

இதைவிட முக்கியம் சுத்துற திசை. கியர் பம்பு ஒரு பக்கம்தான் சுத்தலாம். மூண்டு பேஸில ரெண்டு வயர் மாறினால் மோட்டர் மறுபக்கம் சுத்தும், பம்பின்ர தண்டு சீல் அந்த இடத்திலயே தள்ளுப்பட்டுப் போகும். ரோட்டில வயர் திருத்தினாப்பிறகு பேஸ் மாறி வாறது நடக்கிற விசயம். பேஸ் வரிசை பாக்கிற ரிலே ஒண்டு போட்டு விடுங்கோ, திசை பிழைச்சால் ஸ்டார்ட்டே ஆகாது.

#15 வயல்காரன், தம்பலகாமம்

அண்ணைமார் சொல்லுறது சரி. ஆனா 2022ஐ மறந்திட்டியளோ? காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கறண்ட் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரைக்கும் இல்லை. அண்டைக்கு அடுப்பெரிஞ்சது விறகு இருந்த வீட்டிலதான். விறகு பிளக்கிற மெஷினே கறண்டை நம்பி நிண்டால் அந்த நாள் திரும்பி வரேக்க என்ன செய்வியள்?

#16 சீனக்குடா

நல்ல கேள்வி அண்ணை. லேண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு டிரெக்டர்) எஞ்சினை மாத்தி பூட்டுற மாதிரி இடம் விட்டு வைக்கலாம். ஒரு நிபந்தனை: பெல்ட்டை நேர கியர் பம்பின்ர தண்டில போடக் கூடாது. பெல்ட் பக்கத்துக்கு இழுக்கும், பம்பின்ர புஷ் அதைத் தாங்காது. தனியா பெயரிங் ரெண்டு வைச்ச ஒரு தண்டில புலியை (பெல்ட் ஓடுற சில்லு) போட்டு, அந்தத் தண்டையும் பம்பையும் நட்சத்திர ரப்பர் கப்ளிங்கால கோர்க்கோணும். மோட்டருக்கும் அதே கப்ளிங்தான். புலி அளவைப் பார்த்துப் பம்பு 1500 சுத்துக்குக் கிட்ட ஓட விடுங்கோ. திசை பாக்கிறது இதுக்கும் உண்டு.

தம்பி, மிச்சச் சாமான் இதுகள். தாங்கி 40 லீற்றர், உறிஞ்சுற வாயும் திரும்புற வாயும் ரெண்டு முனையில, நடுவில ஒரு தடுப்புத் தகடு. உறிஞ்சுற ஹோஸ் 1 அங்குலம், கட்டையா, வளைவில்லாமல். அதில சிக்கனம் பிடிச்சால் பம்பு காத்தை இழுத்துக் கத்தும், கெதியில தேஞ்சு போகும். அமத்த ஹோஸ் அரை அங்குலம், ரெண்டு கம்பி வலை உள்ளது, அது 275 பார் தாங்கும். ஒரு வலை உள்ளது 160 பாருக்குத்தான், ஆகவே வேண்டாம். திரும்புற பாதையில பில்டர். எண்ணெய் எங்கட வெக்கைக்கு 68 நம்பர். 250 பார் வரை அமத்தம் காட்டுற மீற்றர் ஒண்டு கண்ணுக்கு நேர.

முதல் ஓட்டத்தில ரிலீப் வால்வை (அமத்தம் அளவு மிஞ்சினால் எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பி விடுறது) முழுக்கத் தளர்த்தி விடுங்கோ. விறகில்லாமல் முன்னும் பின்னும் ஓட்டிக் காத்தை எடுங்கோ, தாங்கியில குறைஞ்ச எண்ணெயை நிரப்புங்கோ. பிறகு கடைசி வரை தள்ளி வைச்சு மீற்றரைப் பார்த்துப் பார்த்து 170க்கு இறுக்குங்கோ. அதுக்கு மேல ஒரு பார் கூட வேண்டாம்.

#17 போறணைவாசல் (சில மாதம் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றியோட எழுதுறன். மெஷின் ஓடுது.

எச் பீம் 150, பட்டறை அண்ணை சொன்ன ஆப்பு, சிலிண்டரின்ர நடு பலகையில இருந்து 11 சென்ரிமீற்றர். மேசை உயரம் ஐயாவை நிக்க வைச்சு அளந்து 85 சென்ரிமீற்றர். பெரிய குத்தி தூக்காமல் தள்ளுவண்டியில இருந்து உருட்டி ஏத்த ஒரு சரிவுப் பலகை. ரெண்டு லீவர்.

மீற்றரைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே ஒரு படிப்பு. பச்சைப் பாலை கனக்கத் துண்டு 60க்கும் 90 பாருக்கும் இடையில வெடிக்குது. 90 எண்டால் 7 தொன் அளவுதான். காஞ்ச பாலை 120 வரை போகும், ஆனா வெடிக்கேக்க ஒரே அடியா விரியும். கணுவுள்ள புளி 170இல நிண்டு ரிலீப் கத்தும். 20 தொன் எண்டு நான் கேட்டதுக்கு ஒரு தேவையும் இருக்கேல்லை.

புளிக்கு வழி கண்டது ஐயாதான். நடுவில ஆப்பை வைக்கிறதை விட்டிட்டு, ஓரத்தில நாலு விரல் தடிப்பில சீவிச் சீவி எடுக்கிறார். சுத்திவர எடுத்துக்கொண்டு போக நடுக்கட்டை சின்னனாகி வரும், அது 100 பாருக்குள்ள பிளக்குது. குத்தியின்ர முகத்தில காயேக்க விழுந்த வெடிப்பு இருந்தால் அதை ஆப்புக்கு நேர திருப்பி வைக்கிறார். கிளைக்கவடு உள்ள பக்கம் கடைசியா வாற மாதிரிப் போடுறார். எல்லாம் கோடாலிக் காலத்து அறிவு. இப்ப தோள் நோகாமல் அதைப் பாவிக்கிறார், புளிக் குவியலில அரைவாசி முடிஞ்சுது.

ஒரு கேள்வி. புளி பிளக்கிற நேரம் தாங்கி கை வைக்க ஏலாமல் சுடுது. பாலைக்கு அப்பிடியில்லை. குளிராக்கி போடோணுமோ?

#18 சீனக்குடா

முதல் மனம் நிறைஞ்ச சந்தோசம் தம்பி.

குளிராக்கி வேண்டாம். ரிலீப் கத்தேக்க லீவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் மோட்டரின்ர முழு வேலையும் சூடாத்தான் மாறும். 3 கிலோவாட்டுக்கு மேல. 40 லீற்றர் எண்ணெய் நிமிசத்துக்கு 3 பாகை ஏறும். ஐயாவிட்டச் சொல்லுங்கோ: ஊசி 170இல ரெண்டு செக்கன் நிண்டும் மரம் அசையாட்டி லீவரை விட்டு, குத்தியைத் திருப்பி வைக்கோணும். மீற்றரின்ர கண்ணாடியில 160க்கு ஒரு சிவப்புக் கோடு கீறி விடுங்கோ. எண்ணெய் 60 பாகைக்குக் கீழ நிண்டால் சீலுக்கும் பம்புக்கும் நல்லது. தாங்கி வெயிலில நிக்குதெண்டால் ஒரு தகரம் போடுங்கோ.

இன்னுமொண்டு, நீங்கள் அலஸ்தோட்டம். கடல் காத்து. வேலை முடிஞ்சால் தண்டை முழுக்க உள்ள இழுத்துத்தான் நிப்பாட்டோணும். ராவில வெளிய நீட்டி நிண்டால் உப்புக் குரோமைக் குழி விழுத்தும், பிறகு சீல் போகும். தாங்கியின்ர மூச்சு மூடியில பில்டர் இருக்கோணும். மாரியில எண்ணெய் பால் நிறமா மாறினால் தண்ணி ஏறினது, மாத்துங்கோ.

#19 மூதூர்

எனக்கு வீட்டு அடுப்புக்கு மட்டும்தான் விறகு. 20 தொன் போத்தல் ஜாக்கி ஒண்டு இருக்கு. அதால ஏலாதோ?

#20 பாலையூற்றுப் பட்டறை

ஏலும் தம்பி. நிமிர்ந்த சட்டம் ஒண்டு, மேல ஆப்பு, கீழ ஜாக்கியில நிக்கிற மேடை, திரும்பி இறக்க ரெண்டு பலத்த ஸ்பிரிங். மெதுவாத்தான் வரும், வீட்டுக்குக் காணும். ஜாக்கியை நிமிர்த்தித்தான் வைக்கோணும், படுக்க வைச்சால் பல ஜாக்கி எண்ணெய் இழுக்காது. சட்டத்தை 20 தொன்னுக்கே செய்யோணும், பிளக்கிற மரத்துக்கு 5 தொன் காணுமெண்டு மெல்லிசாச் செய்யக் கூடாது. ஜாக்கிக்கு ரிலீப் 170இல நிக்காது, நீங்கள் கைபிடியை அமத்த அமத்த அது ஏறிக்கொண்டே போகும். அளவு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாங்கோ, கீறித் தாறன்.

#21 கிண்ணியா நானா

தம்பி, மெஷினை வந்து பார்த்தன். ஐயாவோட கதைச்சன். எனக்கும் விறகுகாலைக்கு ஒண்டு வேணும், ஆனா வேகமா. சீனக்குடா அண்ணன், சிலிண்டரைப் பெருசாக்கவா?

#22 சீனக்குடா

சிலிண்டரைப் பெருசாக்கினால் இன்னும் மெதுவாகும் நானா. அதே 100 மில்லிமீற்றரை வைச்சு ரெட்டைப் பம்பு போடுங்கோ. மரத்தைத் தொடும்வரை பெரிய பம்பும் சின்னப் பம்பும் சேர்ந்து ஓடும், அமத்தம் 40 பார் தாண்டினால் பெரியது தானா விலகிச் சின்னது மட்டும் தள்ளும். மோட்டர் அதே 4 கிலோவாட். அது கிடைக்காட்டி 12 சிசி ஒற்றைப் பம்பு, நிமிசத்துக்கு 17 லீற்றர், மோட்டர் 5.5 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது, தாங்கி 60 லீற்றர். 3 அடிக் குத்தி பிளக்கிறதெண்டால் சிலிண்டர் தூரமும் பீமின்ர நீளமும் கூடும், பீமின்ர கனம் அதேதான் காணும். விறகுகாலையில கறண்ட் ஒற்றைப் பேஸோ மூண்டு பேஸோ எண்டு முதல் எழுதுங்கோ, மிச்சம் அதுக்குப் பிறகு.